“எனக்கு நல்லா தெரியுதே சார்!”

ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு பினாங்கிலிருந்து ஒரு டீச்சர் அழைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இணையச் சோதனை. கேள்விகளை எல்லாம் ஏற்றிவிட்டார்; வரைபடம் ஒன்றுகூடத் தெரியவில்லை என்று ஒரு மாணவி சொல்கிறாள். “எனக்கு நல்லா தெரியுதே சார்!” இந்த மாதம் இது நான்காவது அழைப்பு.

டீச்சர், உங்களுக்குத் தெரியத்தான் செய்யும். கூகுள் டாக்ஸிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ படத்தை காப்பி செய்து ஒட்டும்போது பல நேரம் படம் வந்து சேர்வதில்லை, அது இருக்கும் முகவரி மட்டும்தான் வருகிறது. அந்த முகவரியைத் திறக்கும் சாவி உங்கள் பிரவுசரில் இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லை. பள்ளிகள் பாடமும் சோதனையும் ஏற்றும் மூடுல் தளத்தில் ‘மாணவராக மாறு’ என்று அழுத்திப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது என்பார்கள். அப்போதும் அதே பிரவுசர், அதே கூகுள் கணக்கு! பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சோதனை மாணவர் கணக்கு வாங்கி, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். வீட்டில் யாருடைய கைப்பேசியாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் இதே கதைதான். பழைய கேள்வித்தாளை வேர்டிலிருந்து அப்படியே ஒட்டுகிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். தளத்தில் நாம் தட்டச்சு செய்யும் பெட்டிதான் எடிட்டர். சில எடிட்டர்கள் எழுத்துருவின் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பாமினி உள்ள உங்கள் கணினியில் தமிழ், மாணவன் கைப்பேசியில் அந்த ஆங்கில எழுத்துக் குப்பை. சில எடிட்டர்கள் அந்தப் பெயரை உதறிவிடும். குப்பை உங்கள் திரையிலேயே வந்து நிற்கும். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். திட்டிக்கொண்டே ஆனாலும் அன்றைக்கே சரிசெய்துவிடுவீர்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பிறந்த மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு இன்னும் மாறாமல் இருப்பதை என்னவென்று சொல்ல?

கோலாலம்பூரில் எந்தப் பயிலரங்குக்குப் போனாலும், மூடுல் எடிட்டர் நல்லதா, அதைப் போன்ற இன்னொரு தளமான கேன்வாஸின் எடிட்டர் நல்லதா என்று கேட்கிறார்கள். இரண்டிலும் அடியில் ஓடுவது டைனிஎம்சிஇ என்ற ஒரே எடிட்டர்தான். மூடுலில் 2014 முதல் ஆட்டோ (Atto) என்ற எடிட்டர் இருந்தது. 2022இல் வந்த 4.1 பதிப்பில் புதிய டைனிஎம்சிஇ சேர்ந்தது, 5.0இல் ஆட்டோ மையத் தொகுப்பிலிருந்தே போய்விட்டது. பொத்தான்களை எண்ணி ஒப்பிடுவதில் பயனில்லை. தவறாக அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேன்வாஸ் பக்கங்களில் பழைய பதிப்புகள் சேமிப்பில் இருக்கும், பின்னால் போகலாம். மூடுலின் சாதாரணப் பக்கத்தில் அந்த வசதி கிடையாது. தட்டச்சு செய்துகொண்டிருப்பதை அது தானே சேமிப்பது வேறு விஷயம், நீங்களே சேமித்துவிட்ட தவறை அது மீட்டுத் தராது. கூகுள் கிளாஸ்ரூமில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, புள்ளிப் பட்டியல், அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களில் பலருக்கு அது போதும்.

சரி, என்ன செய்யலாம்? வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி. வெறும் எழுத்து மட்டும் வரும், அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? வடிவமைப்பை நீக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். படத்தைக் கணினியில் சேமித்து, படம் சேர்க்கும் பொத்தான் வழியாக ஏற்றுங்கள். தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி ‘உண்டாக்க’ வேண்டாம், தலைப்பு பாணியைத் தேர்ந்தெடுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பிள்ளைக்குத் தடித்த எழுத்து தலைப்பே இல்லை. நீளமான பாடத்தை எடிட்டருக்குள் நேரடியாக எழுதவே எழுதாதீர்கள், வேறிடத்தில் எழுதிச் சேமித்துவிட்டு ஒட்டுங்கள்.

அன்று இரவு பதினான்கு படங்களை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றி முடிக்க மணி பன்னிரண்டரை. டீச்சருக்கும் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. உங்களை மன்றாடிக் கேட்கிறேன்: அடுத்த சோதனையை வெள்ளிக்கிழமையே ஏற்றிவிட்டு, அன்றைக்கே ஒரு மாணவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எவ்வளவு நேரமானாலும் கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.