ரயில், பஸ் கட்டணச் சலுகை: கடலூர்க்காரர்கள் பணத்தை விடும் இடங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் கணவருக்குப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி, சென்னையில் சிகிச்சை முடித்துத் திரும்புவார்கள். எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சலுகை இருப்பது அவருக்குத் தெரியும். முதல் தடவையே படிவத்தோடு போய்க் கேட்டிருக்கிறார். "ஃபார்ம் சரியில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, அக்கா பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அந்தப் படிவத்தை நான் வாங்கிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்து இருந்தது, ஆஸ்பத்திரி முத்திரை இல்லை. குறை அவ்வளவுதான்.

அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அடுத்த மூன்றாவது வாரமே அவர்களுக்குச் சலுகை கிடைத்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புற்றுநோயாளிக்கு ரயில்வே தருவது பெரிய சலுகை. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ஆனால் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கே 75 சதவீதம்தான். 'பகல் பயணம்தானே, உட்கார்ந்தே போய்விடலாம், செலவு குறையும்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். படுத்துப் போகும் பெட்டியில் எடுப்பதுதான் உடம்புக்கும் நல்லது, சலுகையும் அதில்தான் கூடுதல். தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் கட்டித்தான் ஆக வேண்டும். "இலவசம்னு சொன்னாங்களே" என்று கவுண்டரில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி படிவம். இது ரயில்வே வகுத்த அமைப்பில்தான் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையோ லெட்டர்பேடில் எழுதிய கடிதத்தையோ வாங்கமாட்டார்கள். டாக்டர் கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவியோடு முத்திரை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே இன்னொன்று குத்தச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். இந்த ஒரு முத்திரைக்காக மறுபடி சென்னை வரை போய்வர உங்களுக்குத்தான் செலவு. நோயாளியின் பெயரும் வயதும் ஆதாரில் இருக்கிறபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே என்ற இடத்தில் வெறுமனே 'கடலூர் - சென்னை' என்று எழுதாமல், நீங்கள் ஏறி இறங்கும் ஸ்டேஷன் பெயரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரே ஊருக்குத் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் என்று இரண்டு ஸ்டேஷன் இருப்பதால் இதில் குழப்பம் வரும். போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் படிவம் கேட்டு வாங்குங்கள், இரண்டையும் நகல் எடுத்து வையுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் இங்கேயே எடுத்துவிடலாம். சிகிச்சை முடிந்த களைப்பில் எழும்பூரில் வரிசையில் நிற்கும் பாடு மிச்சம்.

நோயாளிச் சலுகையை ஐஆர்சிடிசி இணையதளத்தில் எடுக்க முடியாது. முன்பதிவு கவுண்டருக்குத்தான் போக வேண்டும். "ஆன்லைன்ல நானே போட்டுத் தரேன்" என்று சொல்லும் ஏஜென்ட் முழுக் கட்டணத்தில் போட்டு, மேலே தன் கமிஷனையும் வாங்கிக்கொள்வார். தட்கலில் எந்தச் சலுகையும் கிடையாது. ஏறியபிறகு படிவத்தைக் காட்டினால் டிக்கெட் பரிசோதகராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அடுத்த சிகிச்சைத் தேதியை டாக்டர் சொன்ன அன்றே படிவம் வாங்கி, அந்த வாரமே டிக்கெட் எடுத்துவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. கடைசி நாள் வரை விட்டால் இருப்பது தட்கல்தான், அங்கே சலுகை போய்விடும்.

சிறுநீரகம், இதயம் இரண்டுக்கும் சலுகை உண்டு. ஆனால் சிறுநீரகத்தில் டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ போகிறவர்களுக்கு, இதயத்தில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு. தலசீமியா, ஹீமோஃபீலியா, காசநோய் போன்றவையும் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் இல்லை. பக்கவாதத்தில் நடக்க முடியாமல் போனவருக்கு வழி, மாற்றுத்திறனாளி சலுகைதான்.

அங்கேதான் அடுத்த சிக்கல். கலெக்டர் அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அரசு ஆஸ்பத்திரி என்று மாதக்கணக்கில் அலைந்து அடையாள அட்டை வாங்கியிருப்பார்கள். அதில் 60 சதவீதம் ஊனம் என்று இருக்கும். ரயிலில் அந்த 60 பயன்படாது. கை கால் இயக்கத்தில் குறை உள்ளவருக்கு ரயில்வே பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: 'துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்.' ரயில்வே சலுகைச் சான்றில் அந்த வரி இல்லாவிட்டால் எவ்வளவு சதவீதம் இருந்தாலும் சலுகை இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் இதே நிபந்தனை. பார்வைக் குறைபாட்டில், முழுவதும் பார்வை இழந்தவருக்கு மட்டும். காது கேளாதவர் விஷயம் இன்னும் வருத்தமானது. காதும் கேட்காமல் பேச்சும் வராமல் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பாதிக் கட்டணம். காது மட்டும் கேட்காதவருக்குக் கிடையாது. இந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கவுண்டரில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

அதனால் மருத்துவரிடம் போகும்போதே ரயில்வே சான்றுப் படிவத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். "ரயில் சலுகைக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் இணையத்திலேயே சலுகையோடு டிக்கெட் எடுக்கலாம், அதற்கு ரயில்வே தரும் தனி அட்டையின் எண் வேண்டும். நம் பகுதி ரயில்வேயின் திருச்சி கோட்டத்தில் வருகிறது, புதுச்சேரி ஸ்டேஷனும் அப்படித்தான். அட்டைக்கான விண்ணப்பத்தில் சென்னைக் கோட்டத்தைத் தேர்வு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அது திரும்ப வரவில்லை. ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் இருந்தது பழைய கதை. "சீனியர் கோட்டாவில் குறைத்து வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது பொய். மிச்சமிருப்பது கீழ் படுக்கை மட்டும். 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் காலியிருந்தால் கணினி தானாகவே ஒதுக்கும். ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அப்படி. குடும்பம் மொத்தமும் ஆறு பேராக ஒரே டிக்கெட்டில் போட்டால் தாத்தாவுக்கு மேல் படுக்கை விழும். தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுங்கள். பேரப்பிள்ளைக்கு 5 வயது ஆகிவிட்டால், தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

பஸ்ஸிலும் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் இலவச டோக்கன் என்பது சென்னை மாநகரப் பேருந்துக்கு மட்டும். அதைக் கேட்டுக்கொண்டு நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் டிப்போ வரை வெயிலில் வந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். "இங்க கிடையாது" என்ற ஒரு பதிலுக்காக அவர் அரைநாள் காத்திருந்தார்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். ஆதார் தேவையில்லை, ஊர் கேட்கமாட்டார்கள். ஆனால் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். சில தடங்களில் தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது. கூட்டத்தில் அவசரமாக ஏறிவிட்டு, கண்டக்டர் காசு கேட்கும்போதுதான் தெரியும். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போக நம் ஆட்கள் ஏறும் புதுச்சேரி புறநகர்ப் பேருந்தில் இது செல்லாது, காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்கும் துணையாளுக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் புறநகர்ப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்குக் கால் பங்கு கட்டணம். அட்டையைக் காட்டியும் மறுத்தால் சண்டை போடாமல் பஸ் எண், நேரம், ஏறிய நிறுத்தம் மூன்றையும் குறித்து, வாங்கிய டிக்கெட்டோடு எழுத்தில் புகார் கொடுங்கள். டிக்கெட் இல்லாத புகாருக்குப் பதில் வராது.

கடைசியாக ரயில் தாமதம். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் வேண்டாம் என்று விட்டுவிட்டு முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம். தட்கல் டிக்கெட்டுக்கும் இது உண்டு. பலருக்கும் இது தெரிகிறது, ஆனால் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் ஆற அமரக் கேட்டால் பணம் வராது. ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இணைய டிக்கெட்டுக்கு டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிய வேண்டும், கவுண்டர் டிக்கெட்டைக் கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும். அக்கா வீட்டுக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபடியே அவர் மகன் போனில் டிடிஆர் போட்டான். ரயில் அப்போது ஸ்டேஷனுக்கே வந்து சேரவில்லை. பணம் முழுவதும் வந்து சேர்ந்தது.