மண் சாலை வண்டிக்கு இழுப்பறை: பலகையும் கணக்கும்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், டெர்பி பக்கமிருந்து குனுனரா திசையில் போகும் கிப் ரிவர் சாலை ஏறக்குறைய 660 கி.மீ. நீளம். அதில் நெடுந்தூரம் வெறும் சரளைதான். சக்கரங்கள் உருண்டு உருண்டு, நெளி தகரத்தைப் படுக்கப் போட்டதுபோல் ஆகிவிட்ட தரை. ஒரு நெளிக்கும் அடுத்ததற்கும் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 22 முறை அதிரும். ஒரு மணி நேரத்தில் 80,000 அதிர்வு. சமையலறை இழுப்பறையை நாளைக்கு 20 தடவை திறந்து மூடினாலும் 80,000-ஐத் தொட 11 ஆண்டு ஆகும்.

கைதேர்ந்த தச்சர் செய்த அலமாரி இழுப்பறைகூட இப்படிப்பட்ட வண்டியின் பின்பக்கத்தில் சீக்கிரமே கழன்று ஆடத் தொடங்குவது இதனால்தான். வேலையில் குறை இல்லை. வீட்டில் எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்தும். வண்டியில் அதே எடை முன்னே, பின்னே, பக்கவாட்டில், சில நேரம் மேலேயும் எகிறும். வண்டிக்கான இழுப்பறையில் பெட்டி அடிப்பது எளிய பாதி. எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் மீதி.

முதலில் எடை

நெடும்பயணக்காரர்கள் விரும்பும் டொயோட்டா லேண்ட் குரூசர் 200-ஐ எடுத்துக்கொள்வோம். ஆட்களும் சாமானும் சேர்த்து அது சாலையில் இருக்கக்கூடிய மொத்த எடை ஆஸ்திரேலியாவில் 3,350 கிலோ. வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், மாடலுக்கு ஏற்ப 600 முதல் 700 கிலோ மிஞ்சும். ஐந்து பேர் ஏறினாலே 375 கிலோ போயிற்று. முன்பக்க இரும்பு பம்பர், கூரைத் தட்டு, இரண்டாவது பேட்டரி எல்லாம் போக மிச்சத்தைப் பார்த்தால், இழுப்பறைக்காக அள்ளிக் கொடுக்க ஒன்றுமில்லை.

அதனால்தான் 18 மி.மீ. பிளைவுட் வேண்டாம் என்கிறோம். உறுதி குறைவு என்பதால் அல்ல. உறுதியில் அது கில்லாடி. ஒரு பலகை வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும், ஆகவே 12 மி.மீ.யைவிட 18 மி.மீ. மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் 8-க்கு 4 அடி தகடு ஒன்று 12 மி.மீ.யில் சுமார் 23 கிலோ, 18-இல் சுமார் 35 கிலோ. விறைப்பு வேண்டிய இடத்தில் 25 × 25 × 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள் ஒட்டிப் போல்ட் போட்டால் அரை கிலோவில் வேலை முடியும். ஆகவே இழுப்பறைகளை உள்ளே வாங்கிக்கொள்ளும் வெளிப்பெட்டியான கூட்டுக்கும் இழுப்பறைப் பக்கங்களுக்கும் 12, இழுப்பறைத் தரைக்கும் கூட்டின் முதுகுப் பலகைக்கும் 9. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை பக்கம் போகவே கூடாது: பிளைவுட்டைவிடக் கனம், ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் திருகு நிற்காது. இந்தியாவில் வாங்குவோர் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேட்கலாம்; ஆஸ்திரேலியாவில் அதற்கு இணை ஏஎஸ்/என்இசட்எஸ் 2272.

அளவு எடுக்கும் இடத்தில்தான் வழுக்கும்

எடுத்துக்காட்டாக, சக்கர வளைவுகளுக்கு இடையே 1,000 மி.மீ. அகலம், 1,000 நீளம், 300 உயரம் உள்ள ஒரு கூடு. உள்ளே இரண்டு இழுப்பறைகள். வெளிப் பக்கங்கள் இரண்டும் நடுத்தடுப்பும் 12 மி.மீ. வீதம் 36. மிஞ்சும் 964-ஐ இரண்டாகப் பிரித்தால் ஒரு வாய்க்கு, அதாவது ஓர் இழுப்பறை நுழையும் இடைவெளிக்கு, 482. இழுப்பறை ஓடுவதற்காக அதன் இரு பக்கமும் பொருத்தும் எஃகுத் தடம்தான் சேனல். கனரக சேனல் ஒன்றின் தடிமன் 19.1 மி.மீ. இரு பக்கத்துக்கும் 38.2 போக, இழுப்பறையின் வெளி அகலம் 443.8 வர வேண்டும். 443.5-க்கு வெட்டுங்கள். குறைந்தால் மெல்லிய வாஷரோ லேமினேட் துண்டோ வைத்து நிரப்பலாம். கூடிவிட்டால் சேனல் இறுகும், இழைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் 12 என்று விற்கும் பலகை பெரும்பாலும் சரியாக 12 இருக்காது. 12.4 இருந்தால் மூன்று நிலைப் பலகைகளில் 1.2 மி.மீ. போய்விடும், ஒவ்வொரு வாயும் 0.6 மி.மீ. சுருங்கும். சேனல் பொறுத்துக்கொள்வது ஏறக்குறைய அரை மி.மீ.தான். ஆகவே வெர்னியர் காலிப்பரால் பலகையை நாலு இடத்தில் அளந்த பிறகே வெட்டும் பட்டியல் எழுத வேண்டும். ரம்பத்தின் வாய் ஒவ்வொரு வெட்டிலும் தின்னும் 3 மி.மீ. சொச்சத்தையும் தகட்டில் கோடு போடும்போதே கழிக்க வேண்டும். கார்பெட் ஒட்டுவதாக இருந்தால் அது 3, 4 மி.மீ. கனம். வெளியில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், சேனல் அமரும் முகத்தில் ஒட்டவே கூடாது. எல்லாம் பொருத்திப் பார்த்து அழகாக ஓடியதே, கார்பெட் போட்டதும் ஏன் சிக்குகிறது என்று குழம்புவோர் அதிகம்.

பலகைக் கணக்கு இது: மேல், அடி இரண்டும் 1,000 × 1,000. நிலைப் பலகை மூன்றும் 1,000 × 284. இதில் 276 கூட்டின் உள் உயரம், மீதி 8 மேலும் கீழும் 4 மி.மீ. ஆழப் பள்ளத்தில் இறங்குவதற்கு. இழுப்பறைப் பக்கங்கள் நான்கு, 900 × 250. முன், பின் பலகைகள் நான்கு, 419.5 × 250. இரண்டு 12 மி.மீ. தகடும், 9 மி.மீ.யில் ஒரு பகுதியும் போதும். சேனல், பூட்டு எல்லாம் சேர்ந்து மொத்தம் ஏறத்தாழ 60 கிலோவில் நிற்கும்.

அந்த 4 மி.மீ. பள்ளத்தை வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். பிளைவுட்டின் விளிம்பில் இறங்கும் திருகு, அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கப் பார்க்கும். அதிர்வில் துளை மெல்ல மெல்ல அகலும். பள்ளத்தில் பலகை அமர்ந்தால் குறுக்கு விசையைப் பள்ளத்தின் சுவர் தாங்கும். திருகின் வேலை பசை காயும்வரை பிடித்துக்கொள்வதுதான். நீர் தாங்கும் டி3 வகை மரப்பசை, 4 × 50 மி.மீ. திருகு, அதற்கு 2.5 முதல் 3 மி.மீ. முன்துளை, 150 மி.மீ.க்கு ஒன்று. பசை காயும் முன் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 1,000 சதுரத்துக்கு 1,414 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லியைத் தாண்டினால் இழுத்துச் சரி செய்யுங்கள். முதுகுப் பலகையை எடை குறைக்கவென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டு கிலோகூட இல்லாத அந்தப் பலகைதான் கூடு சாய்ந்து சாய்சதுரம் ஆகாமல் காக்கிறது.

சேனலா, சறுக்குப் பட்டையா?

வீட்டு அலமாரிக்கு வரும் 45 மி.மீ. உயர டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி 45 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். அது அசையாத மரச்சாமானுக்கான எண். உள்ளே 40 கிலோ வைப்பதானால் 100 கிலோவுக்கு மேல் எழுதியதையே வாங்குங்கள். பக்கவாட்டில் நிறுத்திப் பூட்டுவதற்கான சேனலைப் படுக்க வைத்தால் தாங்கும் அளவு வெகுவாகச் சரியும். சிலவற்றில் கால் பங்குதான் மிஞ்சும்.

நல்ல சேனலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பயணம் முழுவதும் இழுப்பறை மூடியே இருக்கிறது. உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகள் எல்லாம் ஒரே புள்ளியில் நின்று நொடிக்கு 22 முறை துடிக்கின்றன. உருள இடமில்லாததால் மசகு விலகி, குண்டு நிற்கும் இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. சில ஆயிரம் கி.மீ. கழித்துத் திறந்தால் முதல் இழுப்பில் கடகடவென்று படிக்கட்டு இறங்குவதுபோல் இருக்கும். மூடிய நிலையில் இழுப்பறையை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் பூட்டும், அடியில் ஒரு ரப்பர் பட்டையும் இதைப் பெரிதும் தள்ளிப்போடும்.

சேனலே வேண்டாம் என்பது இன்னொரு வழி. பணமும் 15 கிலோ எடையும் மிச்சம், அகலமும் கூடக் கிடைக்கும். இழுப்பறையின் அடியில் எச்டிபிஇ பட்டை, அதாவது காய் நறுக்கும் வெள்ளைப் பலகை செய்யும் அதே பொருள். மரத்தின் மேல் மரம் உராய்ந்தால் 50 கிலோ இழுப்பறையை இழுக்க 20 கிலோ விசை வேண்டியிருக்கும். இந்தப் பட்டையில் ஏழெட்டு கிலோ போதும். கூட்டின் வாயில் அடிப்பக்கம் இரண்டு உருளைகளும், இழுப்பறையின் பின்முனையில் மேல் விளிம்பில் இரண்டும் வைத்தால் இன்னும் லேசாக ஓடும். ஸ்கேட் சக்கரத்தில் வரும் 608 பேரிங் (உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22 மி.மீ.) இதற்கு வாகானது. பின்முனை உருளை ஏன் மேல்பக்கம்? பாதிக்கு மேல் வெளியே வந்த இழுப்பறை ஏற்ற மரம்போல் ஆகிறது. முன்பக்கம் தாழ, பின்பக்கம் மேலே எகிறிக் கூட்டின் கூரையை முட்டும். முட்டும் இடத்தில் உருளை இருக்க வேண்டும். இதில் இழுப்பறை முழுதாக வெளியே வராது, கால் பங்கு உள்ளேயே நிற்கும். தூசிக்கு அஞ்சாத அமைப்பு வேண்டுவோருக்கு இதுவே எங்கள் பரிந்துரை.

கூட்டை எதில் கட்டுவது?

கூடும் காலியான மற்றொரு இழுப்பறையும் சேர்ந்து 40 கிலோ, அதன் மையம் பின் விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே: 40 × 0.5 = 20. நிரம்பிய இழுப்பறை 50 கிலோ, முழுதாக இழுத்தால் அதன் மையம் 0.45 மீட்டர் வெளியே: 50 × 0.45 = 22.5. ஆக, கட்டாத கூடு தானாகவே குப்புற விழும். யாராவது திறந்த இழுப்பறையில் கை ஊன்ற வேண்டிய தேவைகூட இல்லை.

மோதலின் கணக்கு இதைவிடக் கொடியது. 48 கி.மீ. வேக வண்டி 0.1 நொடியில் நின்றால் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 13.6 மடங்கு. 60 கிலோ கூடும் 80 கிலோ சாமானும் அந்த நேரத்தில் 1.9 டன் எடைபோல் முன் இருக்கையை நோக்கிப் பாயும். 8.8 உறுதித் தரமுள்ள எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட் ஒன்றே அறுவதற்கு முன் அதைவிட அதிக இழுவையைத் தாங்கும். அறுவது போல்ட் இல்லை, அது பிடித்திருக்கும் மெல்லிய தரைத் தகடு. போல்ட் தலை அதைக் கிழித்துக்கொண்டு வரும். ஆகவே மூன்றாம் வரிசை இருக்கையைக் கழற்றிய இடத்தில் தொழிற்சாலை வைத்த போல்ட் துளைகளைத்தான் முதலில் தேட வேண்டும். அடியில் வலுவூட்டப்பட்ட இடம் அது. வேறிடத்தில் துளை போட்டே ஆக வேண்டுமானால், முதலில் வண்டிக்குக் கீழே படுத்து எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, தகட்டின் அடியில் 3 மி.மீ. எஃகுத் தட்டு வைத்து, அதிர்வில் கழலாத நைலான் வளையமுள்ள நைலாக் நட் போடுங்கள். தகட்டுத் துளையில் நசுக்கிப் பொருத்தும் ரிவெட் நட்டை இதற்கு நம்ப வேண்டாம். மெல்லிய தகட்டில் அது சுழன்றுவிடும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது.

கூட்டுக்கும் தரைக்கும் நடுவே 5 மி.மீ. ரப்பர். மேடுபள்ளத்தில் வண்டியின் உடலும் சற்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் கூட்டுக்கு வந்தால் இழுப்பறை சிக்கும். கனமான சாமானை இழுப்பறையின் உள்கோடியில், இருக்கைகளை ஒட்டிய பக்கம், வையுங்கள். மொத்த 140 கிலோவின் மையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தால், 2,850 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள இந்த வண்டியில் முன் அச்சு 25 கிலோ இலகுவாகும், பின் அச்சு 165 கிலோ சுமக்கும்.

பூட்டைப் பற்றிச் சுருக்கமாக. பிரேக் போட்டால் இழுப்பறை முன்னே போகும், அதை முதுகுப் பலகையும் அதன்மேல் ஒரு கட்டையும் தடுக்கும். மேடேறும்போதுதான் பூட்டுக்கு வேலை. 30 டிகிரி ஏற்றத்தில் 50 கிலோவில் பாதி பூட்டின் மேல் சாயும். குலுக்கல் அதை இரட்டிக்கும். காந்தமும் உருளைப் பிடிப்பும் இங்கே பொம்மை. அழுத்தி இறுக்கும் கைப்பிடிப் பூட்டு வேண்டும். சரிவில் முகாம் போட்டிருக்கும்போது திறந்த இழுப்பறை தானாக மூடி விரலை நசுக்காதிருக்க, திறந்த நிலையிலும் ஒரு கொக்கி வேண்டும். லேண்ட் குரூசர் 200-இன் பல மாடல்களில் கீழ்க்கதவு தாழ்ந்து படுக்கும் வகை என்பதால், அதன் பூட்டுக் கொண்டிக்கு மேலே இழுப்பறை தாண்டிப் போகிறதா என்று பலகை வெட்டும் முன்பே அட்டைப் பெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவு. அது கிளப்பும் புழுதி அங்கேயே சுழன்று, கதவு ரப்பரில் உள்ள சின்ன இடுக்கு வழியாகவும் உள்ளே ஏறும். இழுப்பறை முகத்தைச் சுற்றி நுரை ரப்பர் ஒட்டுங்கள். சேனலுக்கு கிரீஸ் போடாதீர்கள், புழுதியோடு சேர்ந்தால் அது உப்புத்தாள். காய்ந்து நிற்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே போதும். வெட்டிய விளிம்புகளுக்கு மூன்று பூச்சு பாலியூரிதேன் வார்னிஷ், ஏனென்றால் ஈரம் நுழைவது விளிம்பு வழியாகத்தான்.

கடைசியாக, இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துப் பரப்புக்கும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மரம் நசுங்குவதால் முதல் இறுக்கம் நிலைக்காது. முதல் 100 கி.மீ. மண் சாலை முடிந்ததும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் புதுக் கோடு போடுங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு முறை.