'உயிர்வளி எதிர்ப்பி' வேண்டாம்

ஊர்வனவற்றின் இரத்தப் புரதங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'உயிர்வளி எதிர்ப்பிகள்' என்று மீண்டும் மீண்டும் வந்தது. உயிர்வளி என்றால் ஆக்சிஜன்; ஆன்டிஆக்சிடன்ட் என்பதற்குத்தான் இந்தப் பெயர். மாத்திரைப் புட்டிகளில் பார்த்துச் சலித்த சொல், இப்போது அறிவியல் எழுத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

கிரேக்கத்தில் 'அமிலம்', 'பிறப்பிப்பது' எனப் பொருள்படும் சொற்களை இணைத்து ஆக்சிஜனுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே. அதிலிருந்து ஆக்சிடேஷன், அதைத் தடுப்பது ஆன்டிஆக்சிடன்ட். தடுக்கப்படுவது ஆக்சிஜன் அல்ல, ஆக்சிஜனேற்றம். அதாவது, ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் பறிபோவது. ஆக்சிஜனே இல்லாமலும் அது நிகழும்.

வட அமெரிக்காவின் வண்ண ஆமையைப் பாருங்கள். உறைந்த குளத்தின் அடியில், 3 டிகிரி செல்சியஸ் குளிரில், மூன்று மாதங்களுக்கும் மேலாக ஆக்சிஜன் இல்லாமல் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மேலே வந்து மூச்சிழுக்கும்போது, திடீரென வரும் ஆக்சிஜனிலிருந்து செல்களைச் சிதைக்கும் வீரிய மூலக்கூறுகள் உருவாகக்கூடும். அவற்றைச் சமாளிக்கும் நொதிகளுள் ஒன்று இரத்தச் சிவப்பணுவிலுள்ள கேட்டலேஸ். அது அந்த மூலக்கூறுகளுள் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து நீரையும் ஆக்சிஜனையும் தருகிறது. ஆக்சிஜனை வெளியிடும் புரதத்துக்கு 'உயிர்வளி எதிர்ப்பி' என்று பெயரா?

சிவப்பணுவிலுள்ள இன்னொரு புரதமான ஹீமோகுளோபினுக்கு இந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தாது. மனித ஹீமோகுளோபினில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில்தான் உண்டு. பல ஆமைகளில் அதைவிட அதிகம். அந்தக் கந்தகம் தன் எலக்ட்ரானைக் கொடுத்து, செல்லின் மற்ற பகுதிகளுக்கு வரும் தாக்குதலைத் தான் ஏற்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஹீமோகுளோபினின் முதல் வேலையே ஆக்சிஜனைச் சுமப்பது!

தவறு எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. ஆன்டிபயாடிக்கைக் குறிக்கும் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' நல்ல சொல். அது நுண்ணுயிரைத்தான் எதிர்க்கிறது. அந்த அச்சிலேயே இதையும் வார்த்துவிட்டார்கள். 'ஆன்டி' என்று கண்டால் 'எதிர்ப்பி' என்று ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், எதை எதிர்க்கிறது என்று ஒரு நிமிடம் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆக்சிஜனேற்றம்' என்கின்றன, இலங்கையில் 'ஒட்சியேற்றம்'. இரண்டிலும் 'ஏற்றம்' பத்திரமாக இருக்கிறது. எனவே 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் பொருள் பிறழாது. தூய தமிழ் வேண்டுவோர் 'உயிர்வளியேற்றத் தடுப்பான்' என்று எழுதட்டும், மகிழ்ச்சியோடு ஏற்பேன். 'ஏற்றம்' என்ற நான்கு எழுத்தை மட்டும் விழுங்க வேண்டாம்.