"தேதி எங்கே இருக்கிறது, தம்பி?"

18 ஆண்டுகளுக்கு முன்பு நான் வடிவமைத்த ஒரு நோட்டீஸ் இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கானது. மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சில் முடியும் பின்னணி. மேலே வில்லாக வளைந்த தலைப்பு, அதைச் சுற்றி வெள்ளைக் கரை, கரைக்கு வெளியே கறுப்பு நிழல். இரு பக்கமும் ஒன்பது பேரின் படங்கள். தேதியும் நேரமும் இடமும் அடியில், நன்கொடையாளர் பட்டியலுக்கும் அச்சகத்தின் பெயருக்கும் நடுவே, 9 பாயின்ட் அளவுள்ள பொடிச் சிவப்பு எழுத்தில்.

முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பாட்டி அந்த நோட்டீஸோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பினார். கடைசியில் என்னிடமே நீட்டினார். "தேதி எங்கே இருக்கிறது, தம்பி?"

கண் மங்கியவர்களை அழைப்பதற்காக அச்சிட்ட தாள் அது. அவர்களால் படிக்க முடிகிற அளவில் நான் வைத்தது தலைப்பு ஒன்றைத்தான். அதுவும் நிழலுக்குள் புதைந்து கிடந்தது. பாட்டிக்குத் தேதியைப் படித்துச் சொன்னேன். ஆனால் 3,000 பிரதிகள் ஊர் ஊராகப் போயிருந்தன. படித்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் அதை மடித்து வைத்திருப்பார்கள் என்ற எண்ணம் வெகுநாள் என்னை விடவில்லை.

இப்போது நோட்டீஸ் தயாரிக்க அச்சகத்துக்கு வர வேண்டியதில்லை. ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், விழாக் குழுவினர் என எல்லோரும் செல்போனிலேயே வடிவமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நான் அன்று செய்த தவறுகளையே நாள்தோறும் அவற்றில் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. படிப்பவரின் கண் முதலில் எதில் விழ வேண்டும், அங்கிருந்து எங்கே போக வேண்டும்? பெரியதாக இருப்பதும் சுற்றியிருப்பதைவிட அழுத்தமாக இருப்பதும் கண்ணை இழுக்கும். மனித முகம் அவற்றையும் முந்திக்கொள்ளும். ஒன்பது முகங்களை வைத்துவிட்டால் கண் ஒன்பது முறை வழிமாறிப் போகும். இதற்காக நன்கொடையாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தவர் தம் படத்தை எதிர்பார்ப்பது இயல்பு. "பின்பக்கம் முழுவதும் உங்களுக்குத்தான் ஐயா, படம் இன்னும் பெரிதாக வரும்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பவர். அன்று எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

வரிசை சரியா என்று பார்க்க எளிய வழி, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆறடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. எழுத்தெல்லாம் கரைந்து, திட்டுத் திட்டாகச் சில உருவங்கள் மட்டும் மிஞ்சும். மிஞ்சியவற்றில் தேதி இல்லையென்றால் திரும்ப உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது நிறம். இதில் ரசனையைவிடக் கணக்கு உதவும். எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தை அளக்க முடியும். வெள்ளையின் மேல் கறுப்பு வைத்தால் அது 21. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. நம் நோட்டீஸ்களில் அதிகம் புழங்கும் சேர்க்கைகளைத் திரையின் தூய நிறங்களில் கணக்கிட்டால், மஞ்சளின் மேல் சிவப்பு 3.7, நீலத்தின் மேல் சிவப்பு 2.1, வெள்ளையின் மேல் மஞ்சள் 1.07. கடைசியில் சொன்னதை வெற்றுத்தாள் என்றே சொல்லலாம். அதே மஞ்சளின் மேல் கறுப்பை வைத்தால் 19.6. திருவிழாக் களையும் குறையாது, எழுத்தும் தெரியும். கணக்குப் போட நேரமில்லாதவர்கள் செல்போனில் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் போதும். பின்னணியோடு கரைந்துபோகும் எழுத்து, வயதானவர் கண்ணிலும் கரைந்துதான் போகும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்ளும். நான்கே மைகளைக் கலந்து அடிக்கும் நால்வண்ண அச்சில் சிவப்பு என்பது தனி மை கிடையாது. மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையும் மஞ்சள் மையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் சிவப்பு. இரண்டு மைகளுக்கான அச்சுத் தட்டுகளும் மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். பாட்டி கையிலிருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு மெஜந்தா நிழல் ஓடியது. அன்றிலிருந்து சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

தமிழ் எழுத்துக்கென்றே சில தேவைகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்காக வைத்த அளவுகளை நம் எழுத்து அப்படியே ஏற்காது. 'ழ்' எழுத்தின் புள்ளியும் 'தி' எழுத்தின் கொக்கியும் மேலே எழும். 'கு', 'மூ' போன்றவை கீழே இறங்கும். வரி இடைவெளியை மென்பொருள் தருவதுபோலவே விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 12 பாயின்ட் எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை நான் 17 அல்லது 18 பாயின்ட் தருகிறேன். தலைப்புக்குத் தடித்த கரை போட்டால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் உள்வளைவுகள் அடைத்துக்கொண்டு மைத்திட்டாகிவிடும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவதும் அதே வேலையைத்தான் செய்யும். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் சமமாக்கினால் ஒரு வரியில் இரண்டே சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும், வலப்பக்கம் எப்படியோ முடியட்டும். எழுத்துகளுக்கு இடையே அகலத்தைக் கூட்டினால் 'கொ' மூன்று துண்டாகச் சிதறிவிடுவதையும் பல பேனர்களில் பார்க்கிறேன். வேகமாகப் படிப்பவர் அங்கே தடுக்கி நிற்பார்.

அருகில் இருப்பவை ஒரே குழு என்று கண் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வெறும் புள்ளிகளை வைத்தே இதைக் காட்டினார். நன்கொடையாளர் பெயர்களை ஒட்டித் தேதியை வைத்தேன், அதனால் தேதியும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பாம் பீச் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டுக்கும் இதுதான் நேர்ந்தது. முதியவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பிரித்துப் போட்டார்கள். துளையிடும் இடங்களெல்லாம் நடுவில் ஒரே வரிசையில் இருந்தன. இடப்பக்கம் புஷ் முதலாவது, கோர் இரண்டாவது. ஆனால் நடுவிலிருந்த இரண்டாவது துளை வலப்பக்கத்துப் புக்கானனுக்கு உரியது, கோருக்கு உரியது மூன்றாவது. அந்த மாவட்டத்தில் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் செல்லாமல் போயின. மாநிலத்தில் புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. பெயருக்கும் துளைக்கும் இடையிலான உறவுதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

குழுவைப் பிரித்துக் காட்டக் கட்டமோ கோடோ தேவையில்லை, சுற்றிலும் வெற்றிடம் விட்டாலே போதும். அங்கேதான் வாடிக்கையாளரோடு வாக்குவாதம் தொடங்கும். "காலி இடத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறேன்" என்பார்கள். சாலையோர ஃபிளெக்ஸ் பேனரை வைத்து நான் விளக்குவேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 50 மீட்டர் தூரத்திலேயே பேனர் கண்ணில் பட்டாலும் கிடைப்பது நான்கரை விநாடி, அதிலும் பாதி சாலைக்கு உரியது. நூறு சொற்களை நெருக்கி வைத்தால் ஒன்றுகூட மனத்தில் தங்காது. ஆறு சொற்களை வைத்துச் சுற்றிலும் இடம் விட்டால் ஆறும் போய்ச் சேரும். 30 அடி தூரத்துக்கு மூன்று அங்குல எழுத்து என்பது தொழிலில் பொதுவாகக் கையாளும் கணக்கு, தூரம் கூடக்கூட அளவும் கூட வேண்டும்.

மறு ஆண்டு அதே முகாமுக்கு நோட்டீஸ் அடித்தபோது வெள்ளைத் தாளில் கறுப்பு மை. "கண் பரிசோதனை", கிழமையோடு தேதி, பள்ளிக்கூடத்தின் பெயர். மூன்றும் தாளின் மேல்பாதியை எடுத்துக்கொண்டன, தேதி மட்டும் 48 பாயின்ட். படங்கள் பின்பக்கம் போயின. முகாம் குழுவில் இருவருக்கு அது பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரித்தாள், எடுத்ததும் எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் முதலில் கொண்டுபோகிறேன். கண்ணாடியைக் கடையில் வைத்துக்கொள்ளாதவர் அவர். தாளைக் காட்டி, மூன்று எண்ணிவிட்டு மடித்துக்கொண்டு, என்ன பார்த்தார் என்று கேட்பேன். போன வாரம் ஒரு தடுப்பூசி முகாம் நோட்டீஸைக் காட்டினேன். தேதியைச் சரியாகச் சொன்னார். "எந்த இடம் என்று போடவில்லையே?" என்றார். போட்டிருந்தேன், தேதிக்கு மிக அருகில், அதைவிடச் சற்றே சின்னதாக. இடத்தைப் பிரித்துத் தனியாக இறக்கி வைத்த புதுப் புரூஃப் மேஜையில் இருக்கிறது. காலையில் அவர் கடை திறந்ததும் எடுத்துப் போக வேண்டும்.