விதை காய்ந்தால் போதாது

புதுச்சேரியில் மாடித் தோட்டம் போட்டிருப்பவர்கள் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்தால் தவறாமல் கேட்பது: “பூ விதையை நன்றாகக் காயவைத்துத்தானே எடுத்து வைத்தேன், ஏன் முளைக்கவில்லை?”

காயவைத்தது சரி. இரவில் எங்கே வைத்தீர்கள்?

சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் காய்ந்த விதை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கரையோரக் காற்றைக் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த ஜினியா விதையை முறத்திலேயே விட்டுவிட்டால், விடிவதற்குள் பாதி வேலை வீண். மாலையில் சூடு ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக மூடி, மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். காலை 8 முதல் 12 வரை, பிறகு 3 முதல் 5 வரை போதும். உச்சி வெயில் வேண்டாம். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு. செண்டுமல்லி விதையை மடக்கிப் பாருங்கள்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஒடிந்தால் காய்ந்துவிட்டது.

இன்னொரு வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் பூக்கும் பெரிய பூக்களெல்லாம் சாமிக்கும் கொண்டைக்கும் போய்விடுகின்றன. செடி ஓய்ந்தபின் கடைசியில் பூக்கும் சோனிப் பூதான் விதைக்கு மிஞ்சுகிறது. நல்ல பூ இரண்டின் காம்பில் நூல் கட்டி விடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. செண்டுமல்லியின் பூ செடியிலேயே பழுப்பேறிக் காய்ந்ததும் பிய்த்தால், ஒரு முனையில் வெளிறிய துரும்போடு கறுத்த ஊசி போன்ற விதைகள் வரும். கருக்காமல் வெளுத்துத் தட்டையாக இருப்பவை பதர். காசித்தும்பைக்கு மட்டும் காத்திருக்க முடியாது. காய் பருத்து வெளிறியதும் காகிதப் பையை அடியில் பிடித்துக்கொண்டு தொடுங்கள். வெடித்து உள்ளேயே விழும்.

கலப்பின விதையில் வளர்ந்த செடியிலிருந்து எடுத்தால் தாய்ச்செடி போலவே பூக்கும் என்று நம்ப வேண்டாம்.

மாசி, பங்குனியில் எடுத்த விதை ஐப்பசி வரை தாங்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் ஆகாது. காகிதத்தில் மடித்து, பெயரும் மாதமும் எழுதி, கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். பாட்டிலின் அடியில், ஈரத்தை இழுத்துக்கொள்ள, வெறும் வாணலியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடி, துணியில் முடிந்து. பிரிட்ஜில் வைத்தால் நல்லதுதான். வெளியே எடுத்த உடனே திறக்காதீர்கள், குளிர்ந்த விதையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் பாருங்கள். ஏழு முளைத்தால் தாராளம். மூன்றுதான் என்றால் நெருக்கித் தூவுங்கள். ஒன்றுமே இல்லையென்றால், மழை பிடிப்பதற்குள் புது விதை வாங்கிவிடுங்கள்.