இக்னிஷன் மாற்றியபின் ஆர்.பி.எம். முள் துள்ளுகிறதா? மீட்டரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

பழைய காரில் ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்ட், கண்டென்சரை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுகிறார்கள். வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, பிக்கப்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) ஓடுகிறது என்று காட்டும் டேகோமீட்டரின் முள் மட்டும் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. ஐடிலிங்கில் 800 காட்ட வேண்டிய இடத்தில் 2,000 வரை போய்த் திரும்புகிறது. உடனே மீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கி மாட்டி, அதுவும் அப்படியே ஆடிய பிறகுதான் பல வண்டிகள் எங்களிடம் வருகின்றன. தயவுசெய்து அந்தச் செலவைச் செய்யாதீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு மீட்டரில் இல்லை, அதற்குப் போகும் சிக்னலில்தான்.

மீட்டருக்குத் தெரிந்தது ஸ்பார்க் துடிப்புகளை எண்ணுவது மட்டும்தான். நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 ஸ்பார்க், அதாவது 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100 துடிப்பு. ஒரு ஸ்பார்க்கை இரண்டாக எண்ணினால் முள் மேலே துள்ளும், சிலவற்றைத் தவறவிட்டால் கீழே விழும். எல்லா வேகத்திலும் சரியாகப் பாதி காட்டுகிறது என்றால் அது வேறு கதை. மீட்டரின் பின்பக்கம் சிலிண்டர் செலக்டர் 8-ல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மீட்டர் ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது? பழைய பழக்கத்தில், ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் டெர்மினலிலேயே விட்டுவிடுகிறார்கள். சாதாரண எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் சி.டி.ஐ. பெட்டி (கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரேயடியாகக் காயிலுக்கு விடும் வகை) போட்டிருந்தால் காயிலுக்குப் போவது 400, 500 வோல்ட். அதில் பல பெட்டிகள் குறைந்த வேகத்தில் ஒரே சிலிண்டருக்கு அடுத்தடுத்துப் பல ஸ்பார்க் கொடுக்கும். மீட்டர் குழம்புவது மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சர்க்யூட்டே எரிந்துபோகலாம், நீங்கள் கை வைத்தால் ஷாக்கும் பலமாக அடிக்கும். இதற்காகவே பெட்டியில் டேகோ அவுட்புட் என்று தனி டெர்மினல் இருக்கும், அங்கேதான் மாட்ட வேண்டும். அதிலும் முள் அசையவில்லை என்றால் உங்களுடையது காயிலுக்குப் போகும் கரண்டை வைத்து எண்ணுகிற பழைய வகை மீட்டராக இருக்கலாம். அதற்கு அடாப்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் உள் சர்க்யூட்டை மாற்ற வேண்டும்.

ஒயர் சரியான இடத்தில் இருந்தும் துள்ளினால் அடுத்த சந்தேகம் மின் இரைச்சல். ஸ்பார்க் பலமாக வேண்டும் என்று ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் தனி உலோகக் கம்பி உள்ள பிளக் ஒயரும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், ஒவ்வொரு ஸ்பார்க்கும் ஒரு சின்ன ரேடியோ நிலையம் ஆகிவிடும். ரெசிஸ்டர் பிளக்கும் இரைச்சலை அடக்கும் சப்ரெஷன் ஒயரும் போட்டாலே பல வண்டிகளில் முள் அடங்கிவிடுகிறது. மீட்டர் ஒயரைப் பிளக் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோங்கள். காயிலில் இருந்து சிக்னல் எடுக்கும் மீட்டருக்கு அந்த ஒயரில் 10 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துப் பார்ப்பதும் பலமுறை பலன் தந்திருக்கிறது.

எர்த்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை டேகோமீட்டரின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு, பெயின்ட், லூஸ் போல்ட் இருக்கிறது. லைட் போட்டால் முள் தாவுகிற வண்டியில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சில சமயம் முள் உண்மையைத்தான் சொல்லும். வண்டி குலுங்கும் அதே நொடியில் முள்ளும் பூஜ்யத்துக்கு விழுந்தால் ஸ்பார்க்கே நிற்கிறது என்று அர்த்தம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலுக்கு வரும் 12 வோல்ட், பாயிண்ட் காலத்தில் காயிலுக்கு வோல்ட்டேஜைக் குறைத்துத் தந்த பழைய பாலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து வருகிறதா, டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட் ஆடுகிறதா, கனெக்டர் லூஸா என்று பாருங்கள். இந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், ஓவர்டேக் செய்யும்போது இன்ஜின் நின்றால் ஆபத்து.

இன்னொரு சோதனை சுலபம். மீட்டர் ஒயரைக் கழற்றி, முனையை டேப்பால் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஃபயர் (ஸ்பார்க் தவறி வண்டி குலுங்குவது) நின்றுவிட்டால் மீட்டரோ அந்த ஒயரோதான் காயிலின் சிக்னலை இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலை ஒயர் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். காயில் நெகட்டிவில் இருந்து வரும் ஒயர் அந்தத் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், மீட்டரோடு சேர்ந்து இன்ஜினும் நின்றுவிடும்.