காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேன் குறைவது எப்படி?

காலநிலைக்கேற்ற வேளாண்மை என்ற பெயரை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2010இல் முன்வைத்தது. அந்தப் பெயரில் ஆராயப்படும் முறைகளில் செலவு குறைந்த ஒன்று, நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை மாறி மாறிக் காயவிட்டு, நீர் கட்டுவது. புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வயலிலிருந்து வருவதை இது குறைக்கிறது.

நீர் தேங்கிய மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அடுத்து ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று நுண்ணுயிரிகள் வரிசையாகக் கைவைக்கும். இவையும் தீர்ந்த பிறகே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு வேளை வரும். அந்த மீத்தேனில் பெரும்பகுதி, பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகப் புகைபோக்கியில் போவது போல வெளியேறுகிறது.

வயல் காய்ந்தால் காற்று இறங்கி, கரைந்து கிடந்த இரும்பு மறுபடி துருவாகும். பிறகு நீர் கட்டினாலும் அந்தத் துரு தீரும்வரை மீத்தேன் தலைகாட்டாது. பலமுறை காயவிடும் வயலின் மீத்தேன், எப்போதும் நீர் நிற்கும் வயலில் வருவதில் ஏறக்குறைய 55% என்பது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு.

எதுவரை காயவிடலாம்? சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கருவி, சுற்றிலும் துளையிட்ட 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாய், குறுக்களவு 10 முதல் 15 செ.மீ. பாதியை மண்ணுக்குள் அடித்து இறக்கி, உள்ளே ஏறிய சேற்றை அள்ளிவிட வேண்டும். அள்ளாவிட்டால் குழாய் காட்டும் மட்டம் பொய். வரப்போரத்தில் நட்டாலும் அப்படித்தான். நட்டு ஓரிரு வாரம் கழித்துத் தொடங்கலாம். களை மண்டியிருந்தால் இன்னும் தள்ளிப்போடுவது நல்லது. குழாயில் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் காய்ச்சல் கூடாது. நீர் குறைந்தால் கதிர் பதராகும்.

இந்த அளவோடு நின்றால் விளைச்சல் பெரிதாகக் குறையாது. களிமண் வெடிக்கும்வரை விட்டால் பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும், மிச்சப்படுத்தியதெல்லாம் வீண்.

பெரிய சிக்கல் யூரியா. மண் காய்வதும் நனைவதுமாக இருக்கும்போது அதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மீத்தேனோ 27 மடங்குதான். அதனால் மீத்தேனை மட்டும் அளந்து சொல்லும் லாபத்தை அப்படியே நம்ப முடியாது. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து, காய்ந்த மண்ணில் தூவி உடனே நீர் பாய்ச்சினால் சத்து நீரோடு வேர்ப்பகுதிக்கு இறங்கும்.